நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

“அந்த ஆளை இன்னிக்கே குழுவை விட்டுத் தூக்கணும், மேடம். இல்லேன்னா நான் விலகிக்கிறேன்.”

சொல்லிவிட்டுப் பேராசிரியர், அச்செடுத்து வந்த தாளை மேஜைமேல் வைத்தார்.

மருந்துகளைப் பற்றி ஆராய்ச்சி செய்கிற நானூறு பேர் பேசிக்கொள்ளும் இணையக் குழு அது. பத்து வருடமாக மேடம்தான் நடத்துகிறார். சண்டை வந்தால் தீர்ப்பும் அவருடையதுதான். தீர்ப்புச் சொல்லிவிட்டு அவர் தூக்கம் கெட்டுப் புரண்டதாகச் சரித்திரம் இல்லை.

எதிரே மருந்துக்கடைக்காரர் உட்கார்ந்திருந்தார். குழுவில் பெரிய பட்டம் எதுவும் இல்லாத ஒரே ஆள். கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வந்திருந்தார்.

தாளில் சிவப்பு மையால் அடிக்கோடிட்டிருந்த இரண்டு வரியை மேடம் வாய்விட்டே படித்தார்.

“‘இந்தக் கணக்கு கழுதைக்குக்கூட வரும். இந்த மாதிரி முண்டங்கள் எழுதுறதை நம்பி மருந்து கொடுத்தா, குழந்தைக்குக் குழிதான் வெட்டணும்.’ நீங்க எழுதினதுதானே?”

“நான்தான்.”

“ஒரு பொண்ணோட ஆய்வேட்டுக்குக் கருத்து எழுதுற லட்சணமா இது?”

“மனசுல பட்டதை யார் வேணும்னாலும் பேசலாம்னு குழு விதியில போட்டிருக்கீங்களே?”

“பேசலாம். எழுதினதைக் கிழிகிழின்னு கிழிக்கலாம். எழுதின ஆளைக் கிழிக்கக் கூடாது. அதுவும் அதே விதியில, அடுத்த வரியில இருக்கு.”

மேடம் சொன்னது நியாயம்தான்.

“இவரை உள்ளே விட்டதே தப்பு” என்றார் பேராசிரியர். “பாவம் அந்தப் பொண்ணு. இன்னும் மூணு நாள்ல ஆய்வேட்டை ஒப்படைக்கணும். அவ சார்பா நான்தான் புகார் கொடுத்தேன்.”

“வார்த்தை தப்புதான், மேடம்.” கடைக்காரரின் குரல் இறங்கியது. “படிச்சதும் பயந்துட்டேன். கை முந்திக்கிச்சு. என்னைத் தூக்கிடாதீங்க. பட்டம் இல்லேன்னு வேற எந்தக் குழுவும் என்னைச் சேர்த்துக்கலை. நாலு விஷயம் படிக்க எனக்கு இது ஒண்ணுதான்.”

பார்க்கப் பரிதாபமாகத்தான் இருந்தது. ஆனால் பரிதாபப்பட்டுக்கொண்டிருந்தால் குழு நடத்த முடியாது என்பது மேடத்தின் கட்சி. மடிக்கணினியைத் திறந்து, உறுப்பினர் பட்டியலில் அவர் பெயரைத் தேடிப் பிடித்தார். ‘நீக்கு’ என்ற இடத்துக்கு விரல் போய்விட்டது.

கதவைத் தட்டிவிட்டு ஆய்வு மாணவி உள்ளே வந்தாள். மாடிப்படி ஏறி ஓடி வந்ததில் அவளுக்கு மூச்சு வாங்கியது.

“வாம்மா, பயப்படாதே. உனக்காகத்தான் பேசிட்டிருக்கோம்.” பேராசிரியர் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

அவள் உட்காரவில்லை. நேராகக் கடைக்காரர் முன்னால் போய் நின்றாள்.

“நீங்கதானா அண்ணா அது?”

அவர் பதறி எழுந்தார். “மன்னிச்சுக்கம்மா. நான் அப்படி எழுதியிருக்கக் கூடாது.”

“ரெண்டு நாள் அழுதேண்ணா. இன்னொருத்தருக்கு அப்படி எழுதாதீங்க.” அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “அந்தத் திட்டுக்குக் கீழே நூத்திப் பன்னெண்டாம் பக்கம்னு போட்டிருந்தீங்க. நேத்துதான் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன்.”

மேடம் நிமிர்ந்தார். “அதுல என்ன?”

“குழந்தைங்களோட எடைப் பட்டியல், மேடம். அமெரிக்க ஆஸ்பத்திரி ஒண்ணுல வாங்கினது. அவங்க பவுண்டுல எழுதியிருக்காங்க. நான் கிலோன்னு நினைச்சு மருந்து அளவு போட்டுட்டேன்.”

“மூணு மாசக் குழந்தை பதிமூணு கிலோன்னு இருந்தது, மேடம்” என்றார் கடைக்காரர். “தினம் பத்துப் பேர் குழந்தையை இடுப்புல வச்சுக்கிட்டு என் கடைக்கு வர்றாங்க. மூணு மாசத்துல எந்தக் குழந்தை பதிமூணு கிலோ இருக்கும்? இதை நம்பிக் கொடுத்தா மருந்து ரெண்டு மடங்குக்கு மேல போயிடும்.”

மேடம் ‘நீக்கு’ என்ற இடத்திலிருந்து விரலை எடுத்தார். அந்த அளவை அப்படியே எடுத்துக்கொள்ள எத்தனை ஆஸ்பத்திரிகள் காத்திருந்தன என்று அவருக்குத் தெரியும்.

பேராசிரியர்தான் முதலில் சமாளித்துக்கொண்டார். “அதை மரியாதையா சொல்லித் தொலைச்சிருக்கலாமே? நாங்கல்லாம் எவ்வளவு அன்பா எழுதினோம்! ‘அருமையான ஆய்வு’ன்னு முதல் ஆளா வாழ்த்தினது நான்தானேம்மா?”

“ஆமா சார். நான் குழுவுல போட்ட ரெண்டாவது நிமிஷம்.” அவள் குரலில் கோபமே இல்லை. “மொத்தம் நூத்தி நாற்பது பக்கம்.”

பேராசிரியர் முகத்தில் ஈயாடவில்லை.

மேடம் உறுப்பினர் பட்டியலை மூடிவிட்டு அவளுடைய பதிவைத் திறந்தார். ஆய்வேட்டை யார் யார் திறந்து பார்த்தார்கள் என்பது குழுவை நடத்துகிறவருக்கு மட்டும் தெரியும். இதுவரை பார்க்கத் தோன்றவில்லை, இப்போது பார்த்தார். வாழ்த்தியவர்கள் ஐம்பத்து மூன்று பேர். திறந்தவர் ஒரே ஒருவர், மருந்துக்கடைக்காரர்.

வாழ்த்தியவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்தார். பிறகு பழைய மிடுக்கோடு நிமிர்ந்தார்.

“விதி விதிதான். கடைக்காரரே, உங்க ரெண்டு வரியை நீக்குறேன். கீழே நீங்க போட்ட பக்க எண் இருக்கட்டும். நீங்களும் இருங்க.”

“கெட்ட வார்த்தைக்கு இவ்வளவுதான் நடவடிக்கையா, மேடம்?” பேராசிரியருக்குப் பொறுக்கவில்லை.

“இன்னும் முடியலை, சார். ஐம்பத்து மூணு வாழ்த்து பாக்கி இருக்கு. படிக்காமலே ‘அருமை’ன்னு எழுதுறதும் கெட்ட வார்த்தைதான். முதல்ல என்னோடதை நீக்குறேன்.”