செவ்வாய்க்கிழமை மணி

இதை எனக்கு முதலில் சொன்னது எங்கள் சர்ச்சில் காப்பி ஊற்றிக் கொடுக்கும் எர்லீன். போன நவம்பரில், மணியைப் பின்னால் தள்ளி வைத்த ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்ததும் சொன்னாள்.

டெல்வினுக்குக் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிற வேலை. அரிசோனாவில், எங்கள் நவாஹோ பழங்குடி நிலத்தின் ஓரத்தில் இருக்கிற ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்கு ஏப்ரல் மாதம் அவனைக் கூப்பிட்டார்கள்.

"பதிவு கவுண்டர்ல இருக்கிற கம்ப்யூட்டர் ஒரு மணி நேரம் பின்னால போயிடுதுப்பா," என்றார் மேனேஜர். "அதுவும் செவ்வாய்க்கிழமை மட்டும்."

"செவ்வாய் மட்டுமா? அதுக்குக் கிழமை வேற தெரியுமா சார்?"

"அதைக் கண்டுபிடிக்கத்தான் நீ. கவுண்டர்ல ரோவீனான்னு ஒரு அம்மா. அவங்க கைவேலைன்னா சொல்லு, இந்த வாரத்தோட அனுப்பிடறேன்."

டெல்வினுக்கு ஏற்கெனவே தலை சுற்றிக்கொண்டிருந்தது. கோடை வெளிச்சத்துக்காக மார்ச் மாதம் நவாஹோக்காரர்கள் மணியை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுவார்கள், நவம்பரில் பழையபடி வைப்பார்கள். ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற இன்னொரு பழங்குடி, ஹோபிக்காரர்கள், தள்ளமாட்டார்கள். வருகிற வழியில் அவன் செல்போன் எட்டு என்றது, ஒன்பது என்றது, மறுபடி எட்டு என்றது. பெட்ரோல் பங்க்கில் நிறுத்தி மணி கேட்டான். "யாரோட மணி வேணும்?" என்று திருப்பிக் கேட்டாள் கல்லாவில் இருந்தவள்.

அன்று திங்கட்கிழமை. கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தான். உள்ளே இருக்கும் பேட்டரி புதுசு. எந்த ஊர் மணி என்கிற இடத்தில் நவாஹோ மணிதான் இருந்தது. மார்ச்சிலும் நவம்பரிலும் தானாக மாறும் வசதியும் சரியாக வேலை செய்தது.

"என்ன தம்பி, முழிக்கிறே?" என்றாள் ரோவீனா. சிரிக்காத முகம். குலமுறைப்படி அவனுக்கு அக்கா ஆகவேண்டும் என்று தெரிந்த பிறகும் ஒரு வாய் காப்பி கொடுக்கவில்லை.

"ஒண்ணும் புரியலைக்கா."

"புரியலைன்னா போயிடேன். வெயிலுக்கு முன்னாடி வீடு போய்ச் சேரலாம்."

அது என்னவோ அவனை உறுத்தியது. பழைய பதிவுகளைத் தோண்டினான். செவ்வாய்தோறும் காலையில் யாரோ கையால் மணியைப் பின்னால் தள்ளியிருக்கிறார்கள். மதியம் திருப்பி வைத்திருக்கிறார்கள். நவம்பரிலிருந்து மார்ச் வரை மட்டும் ஒரு தடவைகூட இல்லை.

ஏன் குளிர்காலத்தில் இல்லை? அதுதான் பிடிபடவில்லை. ஆனால் மற்றது பிடிபட்டுவிட்டது. ரோவீனா வாரத்தில் ஒரு நாள் லேட்டாக வருவது, மணியைத் தள்ளி அதை மறைப்பது. சாயங்காலம் யாருக்கும் தெரியாமல் கடிகாரத்தை ரகசிய எண் போட்டுப் பூட்டிவிட்டுப் போனான்.

மறுநாள் ஒன்பது மணிக்கு வந்தான். ரோவீனா அவனுக்கு முன்பே உட்கார்ந்திருந்தாள்.

"நீதான் பூட்டினியா?"

"ஆமாக்கா. ஏன், மாத்தணுமா?" கொஞ்சம் குத்தலாகத்தான் கேட்டான்.

அவள் உதட்டைக் குவித்து ஜன்னலைக் காட்டினாள். "பத்தரை ஆகட்டும். நீயே பாரு."

பத்தரைக்கு ஒரு வேன் வந்து நின்றது. ஹோபி பக்கத்திலிருந்து எட்டுப் பேர் இறங்கினார்கள். முன்னால் வந்த கிளியோரா அம்மாவின் இடது காலில் கட்டு, செருப்புக்குப் பதில் கம்பளித் துணி.

"ஒன்பதரைக்கே வந்துட்டோம் ரோவீனா. இன்னிக்கு எங்களைத் திட்ட முடியாது!"

ரோவீனா பெயரைத் தட்டினாள். திரையில் சிவப்பெழுத்து வந்தது: பத்து மணியோடு பதிவு முடிந்தது.

"அடுத்த செவ்வாய் வாங்கம்மா," என்றாள்.

"அடுத்த செவ்வாயா? ஒரு வாரம் விட்டாலும் விரலை எடுக்கணும்னு கால் டாக்டர் சொல்லியிருக்காரே."

டெல்வின் ரோவீனாவின் பக்கத்தில் வந்து நின்றான். "டாக்டர் கிளம்பிட்டாராக்கா?"

"அவர் செவ்வாய் மட்டும்தான் வருவார், ஒரு மணி வரைக்கும் உள்ளேதான் இருப்பார். கம்ப்யூட்டர் சீட்டு குடுக்கலைன்னா இவங்களை அவர்கிட்டே அனுப்ப முடியாது. வேன் ஹோபி மணிக்குத்தான் ஓடும். குளிர்காலத்துல ரெண்டு பக்கமும் ஒரே மணி, தொல்லையில்லை. மத்த மாசமெல்லாம் இதே கதைதான்."

"மேல எழுதிக் கேக்கறதுதானே?"

"நாலு தடவை எழுதினேன். மணி பார்த்து வரச் சொல்லுங்கன்னு பதில் வந்துச்சு."

டெல்வின் தலையைச் சொறிந்தான். "நீங்க லேட்டா வர்றதை மறைக்கறீங்கன்னு நெனச்சேன்."

"நானா? செவ்வாய்னா ஏழரைக்கே வந்துடுவேன். அப்பதானே யார் கண்ணுலயும் படாம இதைத் தள்ள முடியும்!"

அவன் கிளியோரா அம்மாவின் கால் கட்டைப் பார்த்தான். பிறகு குனிந்து ரகசிய எண்ணைத் தட்டினான். ஒரு மணி நேரத்தைத் தன் கையாலேயே பின்னால் தள்ளினான்.

எட்டுச் சீட்டும் வந்தன.

மேனேஜருக்கு எழுதிக் கொடுத்த அறிக்கையில் இப்படி இருந்ததாம்: "கோளாறுக்குக் காரணம் பிடிபடவில்லை. ரோவீனா அம்மாவுக்கு இந்த நேரக் குழப்பத்தில் பங்கில்லை. நவம்பர் வரை செவ்வாய்தோறும் ஏழரைக்கு நானே வந்து பார்த்துக்கொள்கிறேன். தனிக் கட்டணம் வேண்டாம்."

நீங்கள் ஒரு செவ்வாய்க்கிழமை அந்தப் பக்கம் போக நேர்ந்தால், தயவுசெய்து அந்தக் கவுண்டரில் மணி மட்டும் கேட்காதீர்கள்.