ஈர மெத்தை

லைட்டர்காரர் பக்கத்து வீட்டு சோபாவில் நெருப்பை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்தது அங்கயற்கண்ணியின் வீடு. ஆண்டுக்கொரு முறை அரசாங்கத் தீச்சோதனைக்கு அவர் வந்து நெருப்பைக் காட்டும்போது எந்த வீட்டு மெத்தையோ சோபாவோ பற்றிக்கொள்கிறதோ, அந்த வீட்டுக்கு சீல் வைத்துவிடுவார்கள். குடியிருந்தவர்கள் தெருவில்தான் நிற்க வேண்டும். சட்டப்படி விற்கிற, தீப்பிடிக்காமலிருக்க மருந்து போட்ட மெத்தை பற்றாதுதான். ஆனால் அதில் படுத்தால் மகள் யாழிசைக்கு விடிய விடிய மூச்சு இழுக்கும். அதனால் போடியிலிருந்து இலவம்பஞ்சு வாங்கி வந்து, மருந்து மெத்தையின் உறைக்குள்ளேயே திணித்துத் தைத்திருந்தாள் அம்மாக்காரி.

காலடிச் சத்தம் நெருங்கியது. அங்கயற்கண்ணி சட்டென்று தண்ணீர்க் குடத்தை எடுத்து மெத்தைமேல் கவிழ்த்தாள்.

உள்ளே வந்தவர் மெத்தையைத் தொட்டுப் பார்த்தார். "என்னக்கா, சொதசொதன்னு இருக்கு?"

அங்கயற்கண்ணி காலிக் குடத்தைக் காலால் பின்னுக்குத் தள்ளினாள். வேடிக்கை பார்க்க வந்த அக்கம்பக்கத்தார் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள்.

"நாந்தான் சார்," என்றாள் யாழிசை. "ராத்திரி தூக்கத்துல ஒண்ணுக்குப் போயிட்டேன்."

"ஏழாப்பு படிக்கிற புள்ள, இன்னுமா?" என்று வாசலில் ஒருத்தி சொல்ல, சிரிப்பு கிளம்பியது. யாழிசை தலையைக் குனியவில்லை.

லைட்டர்காரர் முகத்தைச் சுளித்துக்கொண்டு கையைத் துடைத்தார். "ஈரத்துல வச்சா எதுவும் பத்தாதுக்கா. மாடியில காயப் போடுங்க. சாயங்காலம் வர்றேன்."

கூட்டம் கலைந்ததும் கதவைச் சாத்திவிட்டு, அம்மா மகளை இறுகக் கட்டிக்கொண்டாள். தோளில் முகத்தைப் புதைத்தபடி பிள்ளை கேட்டது:

"சாயங்காலமும் நான் போயிட்டேன்னு சொல்லணுமாம்மா?"