ஜெப மண்டபத்தில் கறவை

தொழுவத்தை ஜெப மண்டபமாக மாற்றிய விஷயத்தைப் பசுவிடம் யாரும் சொல்லவில்லை. கறக்கிற நேரமானதும் அது நேராக உள்ளே நுழைகிறது. தியான முகாமுக்கு வந்தவர்கள் கண்களை மூடி உட்கார்ந்திருக்கிறார்கள். முகாம் முடியும்வரை இங்கே யாரும் வாய் திறக்கக் கூடாது. வாளியோடு பின்னால் ஓடிவரும் போதகரின் தங்கைக்கு அதட்டல் தொண்டைவரை வந்து நிற்கிறது. வண்ணக் கண்ணாடி வழியே விழும் மாலை வெயிலில் பசுவின் முதுகு பாதி சிவப்பு, பாதி நீலம். பளபளக்கும் தரையில் டக் டக்கென்று நடந்து, தீவனத் தொட்டி இருந்த இடத்துக்கே போய் நிற்கிறது. இப்போது அங்கே பிரசங்க மேடை. ஜாடியிலிருக்கும் பூக்களை நிதானமாக மெல்கிறது. அவள் கயிற்றை இழுக்கிறாள், தோளால் முட்டித் தள்ளுகிறாள், அசைவேனா என்கிறது. கனத்த மடியிலிருந்து பால் சொட்டுகிறது. குடும்பப் பண்ணையை மிஷனுக்கு எழுதிக் கொடுத்த போதகர் அண்ணன் ஒரு கண்ணை மட்டும் திறந்து, உதட்டில் விரல் வைக்கிறார். அடுப்படியிலும் வராந்தாவிலும் காலையிலிருந்து அந்த விரலைப் பார்த்துப் பார்த்து அவளுக்கு அலுத்துவிட்டது.

"நான் வாயே திறக்கலண்ணே. மாட்டுக்கிட்ட சொல்லுங்க," என்கிறாள், மண்டபம் முழுக்கக் கேட்கும்படி.

அத்தனை கண்களும் திறக்கின்றன. அவள் சிலுவைக்கு அடியிலேயே குந்தி, வாளியை முழங்கால்களுக்கு இடையில் இடுக்குகிறாள். வெறும் வாளியில் முதல் பீச்சு சர்ரென்று அடிக்கிறது. அண்ணனின் விரல் இன்னும் உதட்டிலேயே இருக்கிறது.