தண்ணீர் லாரிக்குப் பெயர் பதிந்தவள்

தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாகத்தான் இருக்கிறது. தெரிந்தவரை சொல்கிறேன்.

பைதான் என்ற கணினி மொழியில் எழுதிய குட்டிச் செயலி ஒருத்தி, தண்ணீர் லாரி கேட்பவர்களின் பெயரைப் பதிகிறவள், லேப்டாப்பை விட்டு, இணையம் வழியாகப் பலருக்கும் இடம் தரும் மேகக்கணினிக்குக் குடிபோனாள்.

"என் அறை எது?" என்று கேட்டாள்.

"இங்கே யாருக்கும் சொந்த அறை கிடையாது, தாயி. யாராவது கூப்பிட்டால் எழுப்புவேன். வேலை முடிந்தால் இடத்தைக் கழுவிவிடுவேன்" என்றது மேகக்கணினி.

அவளோ பழைய வழக்கப்படி, வந்த பெயர்களைச் சுவரில் எழுதிவிட்டுத் தூங்கினாள். விழித்தபோது சுவர் வெறுமையாக இருந்தது.

"ஐயோ, நாலு வீட்டுக்குத் தண்ணீர் போகாதே!"

"கழுவுவேன் என்று சொன்னேனா இல்லையா? பக்கத்தில் தரவுத்தளம் இருக்கிறார். எதையும் தொலைக்கமாட்டார். அவரிடம் கொடு."

மறுநாள் அந்த நாலு வீட்டோடு ஊரே சேர்ந்து கூப்பிட்டது.

"நான் ஒருத்தி என்ன செய்வேன்?" என்று அலறினாள்.

"ஒருத்தியா? திரும்பிப் பார்!"

மேகக்கணினி எழுப்பிவிட்ட நூறு பேர் அச்சு அசலாக அவளைப் போலவே நின்றார்கள். நூறு பேரும் பெயர்களை வாங்கித் தரவுத்தளத்திடம் கொடுத்தார்கள். சாயங்காலத்துக்குள் தெருத்தெருவாக லாரி வந்தது, குடங்கள் நிறைந்தன.

அத்தனை ஜெயித்தும் அவளுக்குப் பயம் விடவில்லை. தரவுத்தளம் "வாங்கிக்கொண்டேன்" என்று சொன்ன பிறகுதான், கூப்பிட்டவரிடம் "பதிவாகிவிட்டது" என்று இப்போது வாயைத் திறக்கிறாள்.