எதில் திறப்பது?

"இன்னைக்கு உன் புரோகிராம் சொதப்பிச்சுன்னா, நாளைக்கு வேலைக்கு வராதே, சேரின்." சியோல் அலுவலகமே கேட்கக் கத்தினார் மேலாளர் பே மான்சிக்.

சேரின் எழுதிய புரோகிராமில் பொத்தானை அழுத்தினால், எந்த ஆவணமும் அந்தக் கணினியில் உள்ள அதற்குரிய மென்பொருளில் தானாகத் திறக்க வேண்டும்.

"உன் கம்ப்யூட்டர்ல வேணாம், ஏதாவது தில்லுமுல்லு பண்ணியிருப்பே. என்னோடதுல காட்டு."

இயக்குநர் பார்த்திருக்க, பொதுக் கோப்புறையில் இருந்த தன் மாத அறிக்கையையே தேர்ந்தெடுத்துப் பொத்தானை அழுத்தினார் பே.

'இதைத் திறக்கும் மென்பொருள் இந்தக் கணினியில் இல்லை' என்றது திரை.

"பாத்தீங்களா சார்? மூணு மாசம் தண்டம்!"

இயக்குநர் திரையில் இருந்ததை இன்னொரு முறை படித்தார்.

"அது சரி பே," என்றார், "மூணு வருஷமா இந்தக் கம்ப்யூட்டர்ல நீங்களே உக்காந்து எழுதுறதாச் சொன்ன அறிக்கையெல்லாம் எதுல எழுதினீங்க?"