பன்னிரண்டு கட்டிலுக்கு ஒரு சிஸ்டர்

தொற்றுநோயின் ஒன்பதாவது அலையில் எங்கள் வார்டின் பன்னிரண்டு கட்டிலுக்கும் ஜெசிந்தா சிஸ்டர் ஒருத்தர்தான். அவர் நடுவில் உட்கார்ந்து கையை அசைத்தால், ஒவ்வொரு கட்டிலிலும் உள்ள இயந்திரக் கைகள் அதையே செய்யும். ஒருவருக்குத் தாகம் என்றால் பன்னிரண்டு பேரும் தண்ணீர் குடித்தாக வேண்டும். பழகிவிட்டது.

அன்று ஏழாம் கட்டில் செல்லையாவின் இதயம் நின்றுவிட்டது.

"மத்தவங்க எல்லாரும் தலையணையை நெஞ்சுல வச்சுக்குங்க! நான் நிறுத்தப் போறதில்லை," என்றார் சிஸ்டர்.

"நீங்க அமுக்குங்கம்மா, நாங்க தாங்கிக்கிறோம்," என்றேன்.

நாற்பது நிமிடம் அமுக்கினார். என் விலா எலும்பு ஒன்றில் விரிசல் விட்டது, யாரிடமும் சொல்லவில்லை.

செல்லையா இருமினார். "யாரும்மா அது, நெஞ்சுல நெல்லு குத்துறது?"

சிஸ்டர் தன் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டார். இயந்திரக் கைகள் எங்கள் பன்னிரண்டு பேரின் நெற்றியையும் துடைத்துவிட்டன.