ஓசி கேட்லாக்

காலை பத்து மணிக்குள் நானூறு பேர் பொன்மணியின் பட்டாசுக் கடைக்கு இன்டர்நெட்டில் விலாசம் எழுதிப் போட்டு, கேட்லாக் கேட்டிருந்தார்கள். நானூறு பேரும் செந்தூர்பாண்டி அண்ணாச்சிதான்.

"சேலம், ஓமலூர் ரோடு, கதவு நம்பர் தொள்ளாயிரத்து ரெண்டு. பேரு என்ன போடட்டும் மொதலாளி?" கம்ப்யூட்டர் முன்னால் இருந்த கணக்குப்பிள்ளை முனியராஜ் கேட்டார்.

"ஏதாச்சும் போடுய்யா. உன் மாமனாரு பேரப் போடு."

பொன்மணி மேல் அண்ணாச்சிக்கு அப்படி ஒரு ஆங்காரம். தாயில்பட்டிக்காரி, சிவகாசியில் அவர் கடையில் எட்டு வருஷம் போனில் ஆர்டர் எடுத்தவள். வெளியூர்க்காரர்களுக்குப் படம் போட்ட கேட்லாக்கை ஐம்பது ரூபாய் வாங்கிக்கொண்டுதான் அனுப்புவார் அண்ணாச்சி. போன சீசனில் கடை நிறைய ஆள் நிற்கும்போது அவள் வாயைத் திறந்துவிட்டாள்.

"வெலை தெரிஞ்சுக்கிடறதுக்கே அம்பது ரூவா கேட்டா எப்படி மொதலாளி? விக்கிற நாமதான அவுகளத் தேடிப் போவணும்."

"சும்மா குடுத்தா வடை மடிக்கத்தான் போவும். நேத்து வரைக்கும் தீப்பெட்டி அடுக்கிக்கிட்டு இருந்தவ எனக்கு ஏவாரம் சொல்லித் தாராளாக்கும்."

அன்றைக்கே வேலையை விட்டு நிறுத்தினார். அத்தோடு விட்டாரா மனுஷன்? பீரோவில் பூட்டி வைத்திருக்கும் வாடிக்கைக்காரர்களின் விலாச நோட்டைத் தூக்கிக்கொண்டு போகிறாளா என்று, நடுக்கடையில் அவள் பையைத் தலைகீழாகக் கொட்டினார். ஒரு தூக்குச்சட்டியும் இருக்கன்குடி மாரியம்மன் கோயில் குங்குமமும்தான் விழுந்தன. அவள் குனிந்து பொறுக்கிக்கொண்டு போய்விட்டாள்.

இந்த வருஷம் பார்த்தால், திருத்தங்கல் ரோட்டில் மகளிர் குழுக் கடனில் தனிக்கடை போட்டிருக்கிறாள். வாசலில் ஆள் உயரத்துக்கு போர்டு: 'கேட்லாக் இலவசம். கேட்டால் வீடு தேடி வரும்.' அதைப் பார்த்த நாளிலிருந்து அண்ணாச்சிக்குச் சோறு இறங்கவில்லை.

"அச்சடிக்க நாப்பது, கூரியருக்கு நாப்பது. ஓசியிலயா குடுக்க? கேட்டுக் கேட்டே உன்னையத் தெருவுக்குக் கொண்டாரேன் பாரு" என்று கறுவினார்.

ஒரு மாதம் கழித்து முனியராஜ் பொன்மணி கடைக்குப் போய் நோட்டம் பார்த்துவிட்டு வந்தார்.

"ஆளு இல்லைன்னு திரும்பி வந்த கவரு கூரை முட்டக் கெடக்கு மொதலாளி. ஆனா உசாராயிட்டா. இனிமே போன் போட்டு, ஆளு நெசந்தானான்னு கேட்டுட்டுத்தான் அனுப்புவாளாம். என்கிட்டயே சொன்னா."

அண்ணாச்சி அசரவில்லை. "கேக்கட்டும். சும்மா வாரத எவன் வேண்டாங்கப் போறான்? நெசமான ஆளு, நெசமான வீடு, நெசமான நம்பராவே போடு."

"அம்புட்டு நெசமான ஆளுக்கு எங்கன போவ?"

அண்ணாச்சி இடுப்பிலிருந்து பீரோச் சாவியை எடுத்து மேஜையில் போட்டார். முனியராஜ் சாவியைத் தொடாமல் நின்றார்.

"மொதலாளி, இதுல போயி..."

"சொன்னதச் செய்யி."

ஆறே நாளில் நாலாயிரத்து இருநூறு விலாசம் போயிற்று. ஒரு கவர்கூடத் திரும்பி வரவில்லை என்று கூரியர் ஆபீசில் விசாரித்துத் தெரிந்துகொண்டார். ஒரு புத்தகத்துக்கு எண்பது என்று பெருக்கிப் பார்த்தால் மூன்று லட்சத்துக்கு மேல் வந்தது. அண்ணாச்சிக்கு வாயெல்லாம் பல்.

ஆடிப் பதினெட்டுக்குப் பூஜை போட்டு சீசனைத் தொடங்கினார். ஆவணியும் முடிந்தது. வழக்கமாக இந்நேரம் லாரி ஆபீஸ் வாசலில் அவர் லோடுதான் வரிசையில் நிற்கும். இந்த வருஷம் போன் மூச்சே விடவில்லை. சந்தையே படுத்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். சரி, பொன்மணி கடையைப் பூட்டிவிட்டாளா என்று பார்த்தாவது மனசை ஆற்றிக்கொள்வோம் என்று வண்டியை எடுத்தார்.

கடை வாசலில் இரண்டு லாரி நின்றது. குழுப் பெண்கள் பெட்டி பெட்டியாக ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் போய் ஒரு பெட்டியின் மேல் ஒட்டியிருந்த விலாசத்தைப் படித்தார். ஈரோட்டு ஜவுளிக்கடைக்காரர், அவர் மகள் கல்யாணத்துக்கு அண்ணாச்சி போய் மொய் எழுதியிருக்கிறார். அடுத்த பெட்டி திருச்சி வக்கீல், அதற்கடுத்தது கரூர் டாக்டர். எல்லாம் அவருடைய முப்பது வருஷத்து வாடிக்கை.

"வாங்க அண்ணாச்சி. டீ சொல்லட்டுமா?" பொன்மணி வெளியே வந்தாள். மொதலாளி என்று கூப்பிடவில்லை.

"இவுகள்லாம் என் ஆளுகளாச்சே." அண்ணாச்சி பெட்டிகளைக் காட்டினார்.

"ஆமா. எட்டு வருசம் என் கொரலக் கேட்டவுகதான. போன் போட்டதுமே, 'பொன்மணியா, எங்க தாயி போயிட்ட'ன்னாக. ஆர்டரும் குடுத்துட்டாக."

"கேட்லாக் கேட்டதெல்லாம் நாந்தான்னு உனக்கு எப்பத் தெரியும்?"

"மொத நாளே தெரியும். உங்க பொய் விலாசம் எப்பத் தீரும்னுதான் அண்ணாச்சி காத்துக்கிட்டு இருந்தேன்."